ரெட் அலர்ட்னு சொன்னாங்க, வெளிய பார்த்தா மழையே காணோம்!

2024 அக்டோபர் 16. சென்னைக்கு ரெட் அலர்ட். ஸ்கூலுக்கு லீவு, தண்ணி புகுந்துடக் கூடாதுன்னு வேளச்சேரி மேம்பாலத்து மேல ஓரமா வரிசையா காருங்க. முந்தின நாள் நல்லாவே ஊத்தியிருந்துச்சு, அதனால அன்னிக்கு இன்னும் ஊத்தும்னு எல்லாரும் மெழுகுவத்தி, பால் பாக்கெட், பிரெட்டுன்னு வாங்கி வெச்சுட்டு உக்காந்திருந்தா, பெருசா சொல்லிக்கற மாதிரி மழையே வரல. எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் வாழைக்காய் பஜ்ஜி போட்டோ போட்டு "ரெட் அலர்ட் ஸ்பெஷல்"னு எழுதினாரு, அதுக்கு நாப்பது பேரு சிரிச்சாங்க.

இதுக்கு நேர் எதிரா 2021 டிசம்பர் 30-ஐ எடுத்துக்கங்க. அன்னிக்கு பெரிய எச்சரிக்கை எதுவுமே இல்ல, மத்தியானம் ஆரம்பிச்ச மழை ராத்திரிக்குள்ள சென்னையில சில இடத்துல 20 செ.மீ.-ஐத் தாண்டிடுச்சு, ஆபீஸ் போனவங்க வீடு வந்து சேர நடுராத்திரி ஆச்சு. சொன்னா பெய்யல, பெஞ்சா சொல்லல, இதுதான் நம்ம ஊர்ல வானிலை மையத்து மேல இருக்கற மொத்த கம்ப்ளைன்ட்டும். ரமணன் சார் டிவில வந்த காலத்துலேர்ந்து இதே மீம்தான், ஆளு மட்டும் மாறுது.

அந்தத் திட்டுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா பெரும்பகுதி, அவங்க சொல்ற வாக்கியத்தை நாம முழுசா படிக்காம ரெண்டு வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கறதால வருது. அதனால அவங்க வழக்கமா சொல்ற மாதிரி ஒரு வாக்கியத்தை எடுத்து பிரிச்சுப் பார்ப்போம்:

"சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது."

கனமழைன்னா எவ்ளோ?

நமக்கு கனமழைன்னா சும்மா ஒரு வர்ணனை, "செம மழை"ங்கற மாதிரி. அவங்களுக்கு அது ஒரு அளவு. 24 மணி நேரத்துல ஒரு இடத்துல 7-லேர்ந்து 11 செ.மீ. வரை பெஞ்சா கனமழை, 12-லேர்ந்து 20 வரை மிக கனமழை, 21-ம் அதுக்கு மேலயும் அதிகனமழை. அந்த 24 மணி நேரமும் நம்ம காலண்டர் நாள் கிடையாது, காலைல 8:30-லேர்ந்து மறுநாள் காலைல 8:30 வரைக்கும். 2015-ல தாம்பரத்துல கொட்டின 49 செ.மீ. மழை முக்கால்வாசி டிசம்பர் 1-ம் தேதி பெஞ்சது, ஆனா ரெக்கார்டுல 2-ம் தேதி கணக்குல இருக்கும். "நேத்து பெஞ்ச மழைய இன்னிக்குப் போடறாங்க"ன்னு சண்டை போடறவங்களுக்கு இதான் பதில்.

சரி, 1 செ.மீ. மழைன்னா என்ன? தரை தட்டையா இருந்து, தண்ணி எங்கயும் ஓடாம, உறிஞ்சாம அப்படியே நின்னா 1 செ.மீ. உயரத்துக்கு நிக்கும், அவ்ளோதான். கேக்க அல்பமா இருக்கா? நம்ம ஊரு கணக்குக்கு வாங்க. ஒரு கிரவுண்டு இடம் 2400 சதுர அடி, அதுல 1 செ.மீ. மழை பெஞ்சா சுமார் 2,200 லிட்டர். 20 செ.மீ. பெஞ்சா கிட்டத்தட்ட 44,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலை உங்க ஒரு கிரவுண்டுல கொண்டாந்து கவுத்த மாதிரி. பக்கத்து வீட்டுக்கும் நாலு லாரி, எதிர் வீட்டுக்கும் நாலு லாரி, தெரு ரோட்டுக்குத் தனி.

இதுல எனக்கு ஒரு குறை உண்டு. அதிகனமழைங்கற பெட்டிக்கு மேல் மூடியே கிடையாது. 21 செ.மீ. பெஞ்சாலும் அதே பேரு, 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள் கணக்குல 95 செ.மீ. பெஞ்சுச்சே, அதுக்கும் அதே பேருதான். அந்த 95 செ.மீ.-ஐ நம்ம கிரவுண்டு கணக்குல போட்டா 17 லாரிக்கு மேல. கேக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. தாமிரபரணி ஓரத்து ஊருங்க மூழ்கி, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடுவழியில மாட்டி நின்ன நாள் அது, "அதிகனமழை"ங்கற ஒரு வார்த்தைக்கு அவ்ளோ பாரம் தாங்காது.

"ஓரிரு இடங்களில்": நாம படிக்காம தாண்டற வார்த்தை

மொத்த வாக்கியத்துலயும் முக்கியமான வார்த்தை இதுதான். இதுவும் கணக்குதான். ஒரு பகுதியில இருக்கற மழைமானிகள்ல நூத்துக்கு 25 வரைக்கும் அந்த மழை பதிவாகலாம்னா "ஓரிரு இடங்களில்". மழைமானின்னா மழையைப் பிடிச்சு அளக்கற பாத்திரம், ஒவ்வொரு ஊர்லயும் ஆபீஸ் காம்பவுண்டுல, டேம் பக்கத்துலன்னு வெச்சிருப்பாங்க. அதைத் தாண்டி பாதி வரைக்கும் போனா "ஒருசில இடங்களில்", முக்கால்வாசிக்கு மேல போனா "பெரும்பாலான இடங்களில்".

இப்ப மறுபடி அந்த வாக்கியத்தைப் படிங்க. மூணு மாவட்டத்துல 40 மழைமானி இருக்குன்னு வெச்சுக்கங்க, அதுல பத்து இடத்துல, இல்லன்னா அதுக்கும் குறைச்சலான இடத்துல 7 செ.மீ.-க்கு மேல பெய்யலாம்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. மீதி முப்பது இடத்துல தூறிட்டுப் போனாலும் அவங்க சொன்னது பலிச்ச மாதிரிதான். மணலியில முழங்கால் தண்ணி, மடிப்பாக்கத்துல வெறும் தூறல், ரெண்டும் ஒரே ஃபோர்காஸ்ட்டுக்குள்ள அடக்கம். மடிப்பாக்கத்துக்காரர் பஜ்ஜி போட்டோ போடுவாரு, மணலிக்காரர் போன்ல சார்ஜே இருக்காது.

ஆக இதுவரைக்கும்: கனமழைக்கு ஒரு நம்பர், ஓரிரு இடத்துக்கு ஒரு நம்பர். ரெண்டுமே மாவட்டத்துக்குச் சொல்றது, உங்க தெருவுக்குச் சொல்றது கிடையாது.

கலரு எதுக்கு?

பெரும்பாலானவங்க நினைக்கறது, மஞ்சள்னா கொஞ்சம் மழை, ஆரஞ்சுன்னா நிறைய மழை, சிவப்புன்னா பேய் மழை. பாதி சரி. மழையளவு ஒரு காரணம்தான், கூடவே அது நடக்க எவ்ளோ வாய்ப்பு, நடந்தா அந்த ஊருக்கு என்ன பாதிப்புங்கறதையும் சேர்த்துத்தான் கலர் முடிவாகுது. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறுல 12 செ.மீ. பெஞ்சா அங்க உள்ளவங்க குடையை எடுத்துட்டு வேலைக்குக் கிளம்பிடுவாங்க, அதே 12 செ.மீ. சென்னையில மூணு மணி நேரத்துல பெஞ்சா சுரங்கப்பாதை மூடி, டிராஃபிக் நின்னு போயிடும்.

கலருக்கு அவங்க வெச்சிருக்கற அர்த்தமே வேற. பச்சைன்னா எச்சரிக்கை ஒண்ணுமில்ல. மஞ்சள்னா கவனிச்சுட்டே இருங்க. ஆரஞ்சுன்னா தயாரா இருங்க. சிவப்புன்னா இறங்கி வேலையைப் பாருங்க. முதல்ல இது யாருக்குன்னா கலெக்டர், தீயணைப்பு, மின்வாரியம், ஏரி மதகைத் திறக்கறவங்க, இவங்களுக்கு. படகு எங்க நிக்கணும், மோட்டார் எங்க வைக்கணும், முகாமுக்கு எந்த மண்டபத்தைத் திறக்கணும்னு முடிவு பண்ண. 2018 அக்டோபர் 7-க்கு தமிழ்நாட்டுக்கு ரெட் அலர்ட்னு வந்தப்ப இது யாருக்கும் புரியல, உலகமே முடியப்போகுதுங்கற மாதிரி கடையில பிரெட்டும் பாலும் காலி. கடைசியில பயந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கல, அரபிக்கடல்ல உருவான சிஸ்டம் (மழை கொண்டுவர்ற காத்துச் சுழல்) லுபான் புயலாகி ஏமன் பக்கம் போயிடுச்சு.

அப்ப எதுக்கு அவசரப்பட்டு சிவப்பு கொடுக்கணும்? கல்யாண வீட்ல சமையல்காரர்கிட்ட 500 இலைன்னு சொல்றோம். 400 பேரு வந்தா மீதி சாப்பாடு வீணாகும், மாமா ரெண்டு நாள் புலம்புவாரு, அதோட சரி. 500 இலைக்கு 700 பேரு வந்து பந்தியில உக்காந்துட்டா? அந்த அவமானம் மூணு தலைமுறைக்கு ஓடும். அதனால விவரமானவங்க எப்பவும் அம்பது இலை கூடத்தான் சொல்லுவாங்க. எச்சரிக்கையும் அப்படித்தான், சொல்லிப் பெய்யலன்னா கெட்ட பேரு, சொல்லாமப் பெஞ்சா உயிர் போகும். ஆனா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் 1000 இலை சொன்னா அடுத்த தடவை சமையல்காரரே நம்ப மாட்டாரு, அந்த சிக்கலும் நிஜம்தான்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்: என்னதான் வித்தியாசம்?

கூட்டமான பஸ்ல ஒரு சீட்டு காலியாச்சுன்னா சுத்தி நிக்கறவங்க எல்லாரும் அந்தப் பக்கம் லேசா சாயுவாங்க இல்ல? காத்தும் அதேதான் பண்ணுது. கடல் சூடா இருக்கற இடத்துல மேல இருக்கற காத்து சூடாகி எழும்பிடுது, கீழ அழுத்தம் குறையுது, சுத்தியிருக்கற காத்து அந்த இடத்தை நோக்கி ஓடுது. இப்படி சுத்துப்பட்டைவிட அழுத்தம் குறைஞ்ச இடத்துக்குத்தான் காற்றழுத்த தாழ்வுப் பகுதின்னு பேரு. பூமி சுத்திக்கிட்டே இருக்கறதால ஓடிவர்ற காத்து நேரா உள்ள போகாம வலப்பக்கமா ஒதுங்குது, அதான் நம்ம பக்கம் சிஸ்டம் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்துது.

இதுக்கு பெட்ரோல் எங்கேர்ந்து வருது? இட்லிப் பானை மூடியத் திறக்கறப்ப ஆவி கையில பட்டு சுட்டிருக்கும், வெந்நீர் பட்டதைவிட அது மோசமா சுடும். காரணம், தண்ணி ஆவியாகறப்ப ஒரு சூட்டை உள்ள ஒளிச்சு வெச்சுக்குது, மறுபடி தண்ணியாகறப்ப அதை வெளிய விட்டுடுது. கடல் மேல எழும்பின ஈரக்காத்து மேல போய் மேகமாகறப்ப இதே சூடு வெளிய வருது, அந்தச் சூட்டுல காத்து இன்னும் எழும்புது, கீழ இன்னும் அழுத்தம் குறையுது, இன்னும் காத்து ஓடிவருது. இந்த வட்டம் ஓட கடல் தண்ணி பொதுவா 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கணும், ஐப்பசி கார்த்திகையில வங்கக்கடல் அதைத் தாண்டித்தான் இருக்கும். கரைக்கு வந்ததும் புயல் சோர்ந்து போறதுக்கும் இதான் காரணம், அடுப்பை அணைச்சாச்சு.

பேரு மாறறதெல்லாம் காத்து வேகத்தை வெச்சுத்தான். மணிக்கு 31 கி.மீ.-க்குக் கீழ இருந்தா தாழ்வுப் பகுதி, 31-ஐத் தொட்டா தாழ்வு மண்டலம், 50 ஆனா ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனா புயல். அப்பதான் பேரு வைப்பாங்க, இந்தியா உள்பட 13 நாடுங்க கொடுத்த லிஸ்ட்லேர்ந்து வரிசையா. நம்ம நாடு கொடுத்த பேருல "முரசு", "நீர்" எல்லாம் இருக்கு. 89 ஆனா தீவிர புயல், 118 ஆனா அதி தீவிர புயல், அதுக்கு மேலயும் படி இருக்கு.

இந்த மொத்தக் கணக்குலயும் மழைங்கற வார்த்தையே வரல, கவனிச்சீங்களா? நம்ம ஊர்ல நடக்கற பெரிய தப்பு இதுதான். டிவில "புயலாக மாற வாய்ப்பில்லை"ன்னு ஸ்க்ரோல் ஓடினதும் அப்பாடான்னு தூங்கப் போயிடறோம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் புயல் காரணமில்ல. காயல்பட்டினத்து 95 செ.மீ.-க்கும் இல்ல, அது வெறும் சுழற்சி, தாழ்வு மண்டலம்கூட ஆகல. 2024 நவம்பர் 30-ல புதுச்சேரி பக்கத்துல கரை கடந்த ஃபெஞ்சல், புயல் வரிசையில கீழ்ப்படிதான், ஆனா கரை கடந்த பிறகு நகராம அங்கயே பல மணி நேரம் உக்காந்துக்கிச்சு, புதுச்சேரியில ஒரு நாள்ல 48 செ.மீ. ஆச்சு. 2016 டிசம்பர் 12-ல சென்னையைத் தாக்கின வர்தா அதுக்கு உல்டா, காத்துதான் அதோட ஆயுதம், தெருத்தெருவா மரம் சாஞ்சு கிடந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

சுருக்கமா, புயல்ங்கறது காத்துக்குக் கொடுக்கற பேரு. வெள்ளம் வருமாங்கறது சிஸ்டம் எவ்ளோ ஈரம் வெச்சிருக்கு, எவ்ளோ மெதுவா நகருது, எங்க நிக்குதுங்கறதைப் பொறுத்தது.

அப்புறம் ஏன் தப்பாகுது?

அடுப்புல பால் வெச்சா பொங்கும்னு நூத்துக்கு நூறு தெரியும். எத்தனை நிமிஷத்துலன்னு ஓரளவு சொல்லலாம். எந்தப் பக்கம் வழியும்னு கேட்டா? வானிலையும் இதே வரிசையிலதான் கஷ்டமாகிட்டே போகுது. சிஸ்டம் வருமான்னு சொல்றது சுலபம், எந்த நாள்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம், எந்த தாலுகாவுல எத்தனை செ.மீ.-ன்னு சொல்றது ரொம்பக் கஷ்டம்.

கம்ப்யூட்டர்ல அவங்க பண்றது இது. காத்து மண்டலத்தை சின்னச் சின்ன கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்ப என்ன சூடு, என்ன ஈரம், காத்து எந்தப் பக்கம்னு நிரப்பி, இயற்பியல் கணக்கைப் போட்டு அடுத்த சில நிமிஷத்துல என்னாகும்னு பார்க்கறது, அதை வெச்சு அதுக்கடுத்த நிமிஷம், இப்படியே பத்து நாளுக்கு ஓட்டறது. இதுக்குப் பேரு மாடல். 2025-ல நம்ம வானிலைத் துறை கொண்டுவந்த புது மாடல்ல ஒரு கட்டத்தோட அகலம் 6 கி.மீ. பெரிய முன்னேற்றம்தான், ஆனா தி.நகர், மாம்பலம், சைதாப்பேட்டை மொத்தமும் ஒரே கட்டத்துல அடங்கிடும், இதுல "எங்க தெருவுல பெய்யுமா"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க.

இன்னொரு சிக்கல் ஆரம்பத்துலயே இருக்கு. நடுக்கடல்ல மழைமானியா வெச்சிருக்கோம்? சாட்டிலைட், மிதவை, கப்பல்னு கிடைக்கறதை வெச்சுத்தான் நிரப்பணும், அதுல சின்னப் பிசகு இருக்கத்தான் செய்யும். 1961-ல எட்வர்ட் லாரன்ஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கணக்கைத் திரும்ப ஓட்டறப்ப 0.506127-ன்னு போட வேண்டிய இடத்துல சுருக்கி 0.506-ன்னு போட்டாரு. கொஞ்ச தூரம் ஒண்ணா போன ரெண்டு ரிசல்ட்டும் அப்புறம் சம்பந்தமே இல்லாம பிரிஞ்சு போச்சு. ஆரம்பத்துல மயிரிழை மாறினா முடிவுல ஊரே மாறும்.

அதனால இப்ப ஒரே ஒரு தடவை ஓட்டறதில்ல. ஆரம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி அதே மாடலை அம்பது தடவை ஓட்டறாங்க. 45 தடவை சென்னைன்னு வந்தா தைரியமா சொல்லலாம். 20 சென்னை, 15 நெல்லூர், 15 புதுச்சேரின்னு வந்தா? அப்பதான் அந்த "வாய்ப்பு உள்ளது" வருது. நாம அதை நழுவல்னு கிண்டல் பண்றோம், எனக்கென்னவோ மொத்த வாக்கியத்துலயும் நேர்மையான வார்த்தை அதுதான். அக்டோபர் 16-ல நடந்ததும் இதான், தாழ்வு மண்டலம் சென்னைக்குக் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி 17-ம் தேதி விடியக்காலைல கரையைக் கடந்துச்சு, மழைக் கூட்டம் ஆந்திரா பக்கம் போயிடுச்சு. மேப்புல பார்த்தா விரல் அகலம்கூட இல்லாத பிசகு.

எல் நினோ வந்தா நமக்கு மழையா?

ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழைன்னு சொல்றோமே, அது காலநிலை, பல வருஷத்து சராசரி. இந்த கார்த்திகை 12-ம் தேதி சாயங்காலம் பெய்யுமாங்கறது வானிலை. எல் நினோ முதல் வகை. பசிபிக் கடலோட நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிட சூடாகறதுக்கு எல் நினோன்னு பேரு, குளிர்ந்தா லா நினா. எல் நினோ வருஷத்துல தென்மேற்குப் பருவமழை அடி வாங்கும், தமிழ்நாட்டுக்கு வர்ற வடகிழக்குப் பருவமழை தூக்கலா இருக்கும், இது பொதுவான போக்கு. 2015 அதுக்குப் பொருந்துச்சு. ஆனா 2021 லா நினா வருஷம், நவம்பர்ல வெளுத்து வாங்கிடுச்சு. வர்தா வந்த 2016-ல தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல பற்றாக்குறை, கடும் வறட்சி. புயலே வந்தும் வறட்சி. சீசன் கணக்கு வேற, ஒரு நாள் கணக்கு வேறன்னு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கூண்டு நம்பர் மார்க் கிடையாது

"நாகையில் 3-ம் எண் கூண்டு"ன்னு நியூஸ் வந்ததும் 10-க்கு 3-தானேன்னு நினைக்கறவங்க உண்டு. அது துறைமுகத்துல ஏத்தற புயல் எச்சரிக்கைக் கூண்டு, கப்பல்காரங்களுக்கான பாஷை. 1-ம் 2-ம் தூரத்துல சிஸ்டம் இருக்குன்னு சொல்றது, 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம்னு. 5, 6, 7 மூணுமே புயல் அபாயம்தான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமா கடக்கும், இல்ல நேரா மேலயே வருமாங்கறதுதான் வித்தியாசம். 8, 9, 10-ம் அப்படியே, ஆனா தீவிர புயலுக்கு. 11 வந்தா எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.

துறைமுகத்துல ஏத்தற கூண்டு ஏற்கெனவே கடலுக்குப் போனவங்க கண்ணுக்குத் தெரியாது. 2017-ல ஒக்கி, நவம்பர் 29-ல தாழ்வு மண்டலமா இருந்து மறுநாள் காலைலயே கன்னியாகுமரி பக்கத்துல புயலாகிடுச்சு. ஆழ்கடல்ல பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே வழியில்ல, எத்தனையோ பேரு திரும்பி வரல. இதுக்கு எதிர்ப்பக்கம் ஒடிசா. 1999 சூப்பர் புயல்ல பத்தாயிரம் பேருக்குப் பக்கத்துல போனாங்க, 2019-ல ஃபானி வந்தப்ப பத்து லட்சம் பேருக்கு மேல முன்கூட்டியே வெளியேத்தினாங்க, அங்க உயிரிழப்பு நூறுக்குள்ள நின்னுச்சு. ஃபோர்காஸ்ட் முன்னேறினது ஒரு பங்குன்னா, அது கடைசி குடிசை வரைக்கும் போய் சேந்தது இன்னொரு பங்கு.

அலர்ட் ராத்திரி நான் என்ன பார்ப்பேன்

அஞ்சு நாளைக்கு முன்னாடி வர்ற "சென்னையைத் தாக்குமா?" வீடியோ எதையும் திறக்கறதில்ல. முந்தின நாள் சாயங்காலம் மாவட்ட வாரியான கலரைப் பார்ப்பேன், கூடவே "ஓரிரு" போட்டிருக்கா "பெரும்பாலான" போட்டிருக்கான்னு. மழை ஆரம்பிச்ச பிறகு அடுத்த மூணு மணி நேரத்துக்குன்னு தனியா ஒரு அறிவிப்பு வரும், கிளம்பலாமா வேணாமான்னு முடிவு பண்ண அதான் உதவும், ரேடார் படத்தைப் பார்த்து சொல்றதால அதுல பிசகு கம்மி. ரேடார்னா அலையை அனுப்பி மேகத்துல இருக்கற மழைத்துளி பட்டுத் திரும்பறதை வெச்சு மழை எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு காட்டற கருவி, அந்தப் படம் வானிலைத் துறை சைட்லயே ஓசியில கிடைக்குது. கடல்லேர்ந்து சிவப்புத் திட்டு ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே இடத்தைப் பார்த்து வந்துட்டே இருந்தா மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு குரூப்ல கேட்டுடுவேன். காரை மேம்பாலத்துல விடறதை இப்பவும் கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். 2015-ல எங்க கீழ்த்தளத்துல நின்ன வண்டிங்க இன்ஜினுக்கு ஆன செலவு எனக்கு ஞாபகம் இருக்கு, ஒரு ராத்திரி காரை வெளிய விட்டுட்டு நடந்து வர எனக்கு பதினஞ்சு நிமிஷம்தான் ஆகுது.